திருப்பூர் ஐஇஎல்டிஎஸ் கோச்சிங்: ரீடிங்குக்குத் தாராளமாகப் போகலாம், வொகாபுலரிக்குக் காசு கட்டாதீங்க

திருப்பூரில் ஐஇஎல்டிஎஸ் (வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் கேட்கும் இங்கிலீஷ் தேர்வு; ரீடிங், ரைட்டிங், லிசனிங், ஸ்பீக்கிங் என்று நாலு பகுதி) கோச்சிங் எப்படி இருக்கிறது என்று கேட்பவர்களுக்குப் பதில் தலைப்பிலேயே இருக்கிறது, அவசரக்காரர்கள் அதோடு கிளம்பலாம். சென்டர் பேரைப் போடவில்லை. குறையும் நிறையும் கலந்துதான் சொல்லப்போகிறேன், அதோடு சேர்வதற்கு முன்னால் விசாரிக்கப் போன மற்ற இடங்களிலும் பேனர், பாடம், பேச்சு எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சுதான். அதனால் பேரைவிட, எதைக் கேட்டுக்கொண்டு சேர வேண்டும் என்பதுதான் உங்களுக்கு உபயோகப்படும்.

நான் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பொழுது விடிந்தால் இங்கிலீஷில்தான் மெயில், ஆனால் அந்த இங்கிலீஷ் லேப் டிப் (சாய மாதிரி) அப்ரூவல் எப்போது வரும், ஜிஎஸ்எம் (துணியின் எடை) ஏன் குறைந்தது, ஷிப்மென்ட் ஒரு வாரம் தள்ளிப் போகுமா என்ற நாலு விஷயத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். இதை வைத்துக்கொண்டு பேசிச் சமாளிக்கலாம், ஆர்டர் கொடுக்கும் பையரோடு சண்டைகூடப் போடலாம். அகாடமிக் (காலேஜ் படிப்புக்கு எழுதும் வகை) ரீடிங் வேறு சமாச்சாரம். மூன்று பெரிய பேசேஜ், 40 கேள்வி, 60 நிமிடம். விடையை எடுத்து எழுதத் தனி நேரம் கிடையாது, அந்த 60 நிமிடத்துக்குள்ளேயே எல்லாம் முடிய வேண்டும். ஒன்று திமிங்கலத்தைப் பற்றி இருக்கும், அடுத்தது பழங்காலக் கண்ணாடி, மூன்றாவது மூளை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறது என்று போகும். 40க்கு 30 வாங்கினால் 7 பேண்ட் (9 வரை போகும் மதிப்பெண்) சுமாருக்கு வரும், 35 என்றால் 8. இது அகாடமிக் கணக்கு. ஜெனரல் ட்ரெய்னிங் (வேலைக்கும் குடியேறவும் எழுதும் வகை) எழுதுபவர்களுக்குப் பேசேஜ் சித்த சுலபம், அதனால் அதே 30க்கு 6தான் வரும். இந்த வித்தியாசத்தைச் சேரும்போதே சொல்லாத சென்டராக இருந்தால் அங்கேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

இனி நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரீடிங் எடுத்த மேடம் முன்னால் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர். அவர் வகுப்பில் ஒரே சட்டம்: விடை மட்டும் எழுதினால் மார்க் இல்லை, பேசேஜில் எத்தனாவது வரியில் அந்த விடை இருக்கிறது என்று பக்கத்தில் எழுத வேண்டும். முதல் வாரம் எல்லாருக்கும் எரிச்சல், ஒரு மணி நேரத்தில் முடிக்க வேண்டியதை ஒன்றரை மணி நேரம் இழுக்கிறதே என்று. போகப் போகத்தான் அதன் அருமை தெரிந்தது, குறிப்பாக ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன் கேள்விகளில்.

ஒருநாள் காங்கேயம் மாட்டைப் பற்றி அவரே ஒரு பக்கம் இங்கிலீஷில் எழுதி ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தார். கன்று பிறக்கும்போது சிவப்பாக இருக்கும், ஆறு மாதம் வாக்கில் சாம்பல் நிறமாக மாறும், உழவுக்கும் வண்டிக்கும் பேர்போன இனம், பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இந்த இனத்தைப் பேணி வளர்த்தது, இப்படிப் போகும். கன்று கடைசிவரை சிவப்பாகவே இருக்கும் என்று ஒரு கேள்வி, அது ஃபால்ஸ், யாருக்கும் சந்தேகமில்லை. அடுத்த கேள்வி, காங்கேயம் பசு மற்ற இனங்களைவிடக் குறைவாகப் பால் கறக்கும் என்று. வகுப்பே சேர்ந்து ட்ரூ என்றது. விடை நாட் கிவன். வெள்ளகோவிலிலிருந்து வரும் தம்பி ஒருவர் விடவேயில்லை: “மேடம், எங்க கட்டுத்தறில ரெண்டு நிக்குதுங்க, நேரத்துக்கு ரெண்டு லிட்டரைத் தாண்டாதுங்க.” மேடம் சிரித்துக்கொண்டே, “உங்க கட்டுத்தறி இருக்கட்டும் கண்ணு, பேசேஜ்ல எந்த வரில இருக்குதுன்னு காட்டுங்க” என்றார். தம்பி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பால் என்ற பேச்சே அந்தப் பக்கத்தில் இல்லை.

நமக்குத் தெரிந்த விஷயம் வரும்போதுதான் இந்தக் கேள்வியில் வழுக்குகிறது. பேசேஜ் சொல்வதற்கு நேர் எதிராகக் கேள்வி இருந்தால் ஃபால்ஸ், பேசேஜ் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால் நாட் கிவன். உலகத்தில் அது உண்மையா பொய்யா என்பது கணக்கிலேயே இல்லை. இதைச் சொன்னால் யாருக்கும் புரிந்த மாதிரிதான் இருக்கும், வரி எண் எழுத வைத்துப் பழக்கினால்தான் கைக்கு வருகிறது.

நேரப் பங்கீட்டையும் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்று பேசேஜுக்கும் இருபது இருபது நிமிடம் என்று பிரிக்காமல், கடைசிப் பேசேஜ் கடினமாக இருக்கும் என்பதால் 15, 20, 25 என்று வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். தப்பான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள், அதனால் எதையும் காலியாக விடக் கூடாது என்பதையும் மண்டையில் ஏற்றிவிட்டார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் மேடத்தோடு எனக்கு ஒத்துப்போகவில்லை. ஹெடிங் பொருத்தும் கேள்விக்குப் பத்தியின் முதல் வரியையும் கடைசி வரியையும் படித்தால் போதும் என்பார். பாதிப் பத்திகளில் அது சரியாக வரும். மீதியில் நடுவில் ஒரு ‘ஹவ்எவர்’ வந்து பேச்சையே திருப்பிவிடும், முதல் வரியை நம்பிப் போட்ட ஹெடிங் காலை வாரிவிடும். முழுப் பத்தியையும் வேகமாகப் படித்துவிடுவதே மேல்.

அடுத்தது வொகாபுலரி. இதற்குத் தனி வகுப்பு, தனி ஆசிரியர், 1,500 ரூபாய்க்கு ஸ்பைரல் போட்ட மெட்டீரியல். திறந்து பார்த்தால் ஏ முதல் இசட் வரை வார்த்தைகள், எதிரே தமிழில் அர்த்தம், அவ்வளவுதான். வாரா வாரம் டிக்டேஷன் வேறு. ‘யுபிக்விட்டஸ்’, ‘பிளெத்தோரா’ இதெல்லாம் மனப்பாடம் பண்ணி என்ன செய்வது? ரீடிங்கில் வார்த்தை அறிவு சோதிக்கப்படும் விதமே வேறு. பேசேஜில் ‘ஸ்கேர்ஸ்’ (தட்டுப்பாடான) என்று இருப்பது கேள்வியில் ‘இன் ஷார்ட் சப்ளை’ என்று வேஷம் மாறி வரும், இரண்டும் ஒன்றுதான் என்று சட்டென்று பிடிக்க வேண்டும். அகராதி வரிசையில் உருப்போட்டால் அது வராது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பேட்சில் ஒருவர் டிராஃபிக் நெரிசலைப் பற்றிய கட்டுரையில் அந்த ‘பிளெத்தோரா’வை (அளவுக்கு மிஞ்சியது என்று அர்த்தம்) நாலு இடத்தில் செருகியிருந்தார், அதே சென்டரில் ரைட்டிங் எடுக்கும் சார் நாலையும் சிவப்புப் பேனாவால் அடித்துக் கொடுத்தார். கீழே ஒரு ரூமில் காசு வாங்கிக் கற்றுக் கொடுத்ததை மேலே ஒரு ரூமில் அடிக்கிறார்கள். சார் செய்ததுதான் சரி. ரைட்டிங்கில் வார்த்தைக்குக் கால் பங்கு மதிப்பெண் உண்டுதான், ஆனால் இடத்துக்குப் பொருந்துகிறதா, எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். அரிய வார்த்தை என்பதற்காக மட்டும் தூக்கிக் கொடுக்க மாட்டார்கள்.

எனக்கு உண்மையில் உதவியது பெருந்துறையில் நர்ஸாக இருக்கும் ஒரு அக்கா வைத்திருந்த வழி. ஒரு பேசேஜ் முடிந்ததும் கேள்வியில் இருந்த சொல்லையும் பேசேஜில் அதற்கு ஈடாக வந்த சொல்லையும் ஒரு நோட்டில் ஜோடி ஜோடியாக எழுதிவிடுவார். பத்து இருபது பேசேஜ் தாண்டினால் அதே ஜோடிகள் திரும்பத் திரும்ப வருவது தெரியும். இதற்கு ஒரு நோட்டுச் செலவுதான். கேம்பிரிட்ஜ் போடும் பழைய தேர்வுத் தாள் தொகுப்புகளை வைத்துச் செய்யுங்கள். கடைகளில் கிடைக்கும் மலிவு ‘மாடல் டெஸ்ட்’ புத்தகங்களில் சிலவற்றில் விடையே தப்பாக இருக்கிறது, அதை நம்பிக் குழம்ப வேண்டாம்.

கிராமர் வகுப்பு இரண்டுங்கெட்டான். இந்தத் தேர்வில் கிராமருக்கென்று தனித் தாள் கிடையாது, இது பலருக்குத் தெரிவதில்லை. ரைட்டிங்கிலும் ஸ்பீக்கிங்கிலும் கால் பங்கு மதிப்பெண் அதற்கு, அவ்வளவுதான். அப்படியிருக்க, பிளஸ் டூவில் செய்த ஆக்டிவ் வாய்ஸ், பாசிவ் வாய்ஸ் மாற்றும் வேலையையே இங்கேயும் வாரக்கணக்கில் செய்ய வைத்தார்கள். ஆர்ட்டிகிள் (ஏ, ஆன், தி) போடுவதில்தான் பேட்சில் முக்கால்வாசிப் பேர் தடுமாறினோம், அதற்குக் கொடுத்தது ஒரே ஒரு வகுப்பு. கிராமர் நேரடியாக மார்க் கொடுக்கும் ஒரு இடம் ரீடிங்கில் இருக்கிறது: சம்மரியில் கோடிட்ட இடம் நிரப்புவது. கோட்டுக்கு முன்னால் ‘ஏ’ இருந்தால் வரவேண்டியது ஒருமைப் பெயர்ச்சொல், பின்னால் வினைச்சொல் பன்மையில் இருந்தால் விடையும் பன்மை. ‘ஃபேக்டரீஸ்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘ஃபேக்டரி’ எழுதினால் முழு மார்க்கும் போச்சு. இரண்டு வார்த்தைக்கு மேல் கூடாது என்று போட்டிருந்தால் மூன்று எழுதினாலும் போச்சு. இதைக் கிராமர் வகுப்பில் யாரும் சொல்லவில்லை, ரீடிங் மேடம்தான் சொன்னார்.

இன்னொரு குறை கம்ப்யூட்டர். நான் எழுத இருந்தது கம்ப்யூட்டர் தேர்வு, பழக்கியது முழுக்க ஜெராக்ஸ் தாளில். திரையில் பாதியில் பேசேஜ், பாதியில் கேள்வி, இரண்டையும் தனித்தனியாக நகர்த்த வேண்டும், வேண்டிய வரியை மவுஸால் தேய்த்து ஹைலைட் பண்ணலாம். பென்சிலால் கோடு போட்டே பழகிய கைக்கு இது பிடிபட நாளாகும். சென்டரில் இருந்த சிஸ்டங்களில் பாதிக்கு மவுஸ் வேலை செய்யாது. கேட்டால் அடுத்த வாரம் சரியாகிவிடும் என்பார்கள். எந்த அடுத்த வாரம் என்று மட்டும் கேட்கக் கூடாது. தேர்வு நடத்துபவர்களே இணையத்தில் இலவச மாதிரித் தேர்வு வைத்திருக்கிறார்கள், அதில் வீட்டிலேயே பழகிக்கொண்டேன்.

நர்ஸ்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான இங்கிலீஷ் தேர்வு) எழுதுபவர்களையும் எங்கள் ரீடிங் பேட்சிலேயே உட்கார வைத்தார்கள், இது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. அந்தத் தேர்வில் முதல் பகுதியே நாலு சின்ன மருத்துவக் குறிப்புகளை வைத்துக்கொண்டு 15 நிமிடத்தில் 20 கேள்வி, தாவித் தாவித் தேடும் படிப்பு. திமிங்கலப் பேசேஜைப் பொறுமையாக வரி எண்ணோடு படிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிரிட்டன் போக நர்ஸ்களுக்கு ஐஇஎல்டிஎஸ் என்றால் ரைட்டிங்கில் 6.5, மற்ற மூன்றிலும் 7 வேண்டும். ஓஇடி என்றால் ரைட்டிங்கில் 300, மற்றதில் 350. இரண்டில் எது உங்களுக்குத் தோது என்று உட்கார்ந்து பேசுகிற சென்டராகப் பாருங்கள். அந்தப் பெருந்துறை அக்கா கடைசியில் ஓஇடிக்கென்று ஆன்லைனில் வேறு வகுப்பு சேர்ந்துகொண்டார்.

காசு விஷயம். கோச்சிங் 12,000, மெட்டீரியல் தனி, தேர்வுக் கட்டணமே 17,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. வெளியே ‘7 பேண்ட் கேரண்டி’ என்று பெரிய பேனர் தொங்கும். ரசீதின் பின்பக்கத்தைப் படித்தால் 90 சதவீதம் வருகை இருந்தால்தான் அந்தக் கேரண்டியே, 7 வராவிட்டாலும் பணம் திரும்பத் தருவதில்லை, இன்னொரு பேட்சில் உட்கார விடுவார்களாம். மாடியில் வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பும் கன்சல்டன்சியும் அவர்களுடையதே, வகுப்பு நடக்கும்போதே யாராவது வந்து “கவுன்சிலிங் வாங்க” என்று கூப்பிடுவார்கள். நான் காலேஜ் ஏற்கெனவே பார்த்துவிட்டேன் என்று சொன்ன பிறகும் வீட்டுக்குப் போன், ஒறம்பரை (விருந்தாளிகள்) வந்திருக்கிற நேரமாகப் பார்த்து அப்பாவிடம் அரை மணி நேரம் பேச்சு. அதே ஆட்கள் ஒரு உருப்படியான தகவலைச் சொல்லவில்லை: கம்ப்யூட்டரில் எழுதியவர்கள் நாலில் ஒரு பகுதியை மட்டும் 60 நாளுக்குள் திரும்ப எழுதலாம். எல்லாக் காலேஜும் அதை ஏற்பதில்லை, விசாரித்துக்கொள்ள வேண்டும், ஆனால் முழுக் கட்டணம் கட்டி முழுத் தேர்வையும் திரும்ப எழுதச் சொல்வதற்கு இது எவ்வளவோ தேவலை.

எனக்கு ரீடிங்கில் 7.5, லிசனிங்கிலும் அதே, மற்ற இரண்டிலும் 6.5, மொத்தம் 7 வந்தது. ரீடிங் மார்க்கில் பெரும்பங்கு மேடத்தையே சேரும், லிசனிங்குக்கு நான் எந்த வகுப்புக்கும் போகவில்லை.

சேருவதாக இருந்தால் டெமோ வகுப்புக்கு வொகாபுலரி நாளில் போகாதீர்கள், ரீடிங் நாள் எது என்று கேட்டுப் போங்கள். ரீடிங் மட்டும் தனியாகச் சேர முடியுமா என்றும் கேளுங்கள், முதலில் முடியாது என்பார்கள், கிளம்பினால் பின்னாலேயே வந்து 5,000க்குத் தருகிறேன் என்பார்கள், எங்கள் பேட்சிலேயே இரண்டு பேர் அப்படிச் சேர்ந்தார்கள். கம்பெனி வேலைக்காரர்களுக்குப் பொழுதோட (சாயங்காலம்) ஆறரை மணி பேட்ச் தோதாக இருக்கும். ஷிப்மென்ட் வாரத்தில் தவறிப்போன வகுப்புகளைக் காலை பேட்சில் உட்கார்ந்து பார்க்க விட்டார்கள், அதற்குத் தனிக் காசு கேட்கவில்லை, அதைச் சொல்லியே ஆக வேண்டும். வண்டி நிறுத்தத்தான் இடமே கிடையாது, ஞாயிற்றுக்கிழமை மாக் டெஸ்ட்டுக்கு பஸ்ஸில் போய்விடுங்கள்.