'அனைத்து வயதினருக்கும்' என்று போட்டிருந்தார்கள், ஒரு வருடம் போய்ப் பார்த்தேன்

வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற பொது நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் 'அனைத்து வயதினருக்கும் நிகழ்ச்சிகள்' என்று ஒரு தாள். எங்கள் வீட்டிலும் அனைத்து வயதினரும் இருக்கிறோம்: மகளுக்கு இரண்டரை, அக்கா பையனுக்கு 15, அப்பாவுக்கு 72, நடுவில் நான். சரி, போய்த்தான் பார்ப்போமே என்று ஆரம்பித்தது ஒரு வருடம் ஓடிவிட்டது. குறையும் சொல்லப் போவதால் நூலகத்தின் பெயர் வேண்டாம்.

முதலில் சின்னக் குழந்தைகளுக்கான கதை நேரம். இதற்கு முழு மதிப்பெண். மொத்தமே 25 நிமிடம்தான், அதற்கு மேல் இழுப்பதில்லை. ஒரு பாட்டு, ஒரு புத்தகம், கொஞ்சம் ஆட்டம், மறுபடியும் அதே புத்தகம். இரண்டாவது தடவை படிக்கும்போது நூலகர் ஒவ்வொரு வரியிலும் கடைசி வார்த்தைக்கு முன்னால் நிறுத்திவிட்டுக் குழந்தைகளின் முகத்தைப் பார்ப்பார், பத்துப் பன்னிரண்டு குரல் ஒன்றாகக் கத்தி அந்த வார்த்தையை முடித்து வைக்கும். ஒரு பையன் மட்டும் மேஜைக்கு அடியில் பொம்மை பஸ் ஓட்டிக்கொண்டே இருந்தான். அவன் அம்மாவுக்கு ஒரே சங்கடம், இழுத்து உட்கார வைக்கப் பார்த்தார். "விடுங்க, அங்கேருந்தே கேட்டுக்கிட்டுதான் இருக்கான்" என்றார் நூலகர். மூன்றாவது வாரம் கடைசி வார்த்தைகள் மேஜைக்கு அடியிலிருந்தும் வந்தன. அமெரிக்க நூலகச் சங்கத்துக்காரர்கள் சின்னப் பிள்ளைகளின் பெற்றோருக்கென்று ஐந்து விஷயம் சொல்வார்கள்: பேசு, பாடு, படி, எழுது, விளையாடு. இந்த வயதில் எழுதுவது என்றால் கிறுக்குவதுதான். ஐந்தும் அந்த 25 நிமிடத்துக்குள் இருந்தன, உபதேசம் எதுவும் இல்லாமல் பெற்றோரும் பார்த்தே கற்றுக்கொண்டார்கள்.

இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். கதை முடிவது ஆறு மணிக்கு. இரவல் கவுண்டரை மூடுவது ஐந்தரைக்கு! அதாவது இப்போதுதான் கேட்ட கதைப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிற குழந்தையின் கையிலிருந்து அதைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டு, அழ அழத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். மூடிய கவுண்டருக்கு நேர் மேலே சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் நூலகங்களுக்காக 1931இல் சொன்ன ஐந்து விதிகள் தொங்குகின்றன. அதில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. நிகழ்ச்சியைத் திட்டமிட்டவரும் கவுண்டருக்கு ஆள் போட்டவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவே இல்லை என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

பதின்வயதினருக்கு நடத்தியது ஆரம்பத்தில் படுதோல்வி. 'வாசிப்பும் வெற்றியும்' என்கிற மாதிரி ஒரு சொற்பொழிவு, வந்தது நான்கு பேர், அதில் ஒருவன் நான் வற்புறுத்திக் கூட்டிப்போன அக்கா பையன். வெளியே வந்ததும் "மாமா, இனிமே என்னைக் கூப்பிடாதீங்க" என்று சொல்லிவிட்டான். அப்புறம் யாருக்கோ புத்தி வந்து, காமிக்ஸ் அலமாரிக்கு என்ன வாங்கலாம் என்று பட்டியல் போடும் வேலையை அந்த வயதுப் பிள்ளைகளிடமே விட்டார்கள். இப்போது கூப்பிடாமலேயே போகிறான். அங்கே சண்டை போடுகிற சத்தம் கேட்கிறது, எந்தத் தொடரை வாங்குவது என்று.

பெரியவர்களுக்கான வாசகர் வட்டம் வேலை நாளில் காலை 11 மணிக்கு. வேலைக்குப் போகிறவன் எப்படி வருவான்? விடுப்பு போட்டு ஒரே ஒரு நாள் போனேன். பேச எடுத்த நாவல் நூலகத்தில் 2 பிரதிதான் இருந்தது, உட்கார்ந்திருந்தது 14 பேர், படித்திருந்தது மூன்று பேர். மற்றவர்கள் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தோம். இதற்குப் பேசாமல் 'பயணம்', 'கடிதம்' என்று ஒரு பொருளைக் கொடுத்து, அதில் கிடைத்த எந்தப் புத்தகத்தையும் படித்துவிட்டு வரச் சொல்லியிருக்கலாம், பிரதிச் சிக்கலே வராது.

அப்பாவுக்கு இரண்டு விஷயம் பிடித்தது. பெரிய எழுத்துப் புத்தகங்களுக்குத் தனி அலமாரி, அதுவும் குனியவோ எக்கவோ வேண்டாத உயரத்தில். இன்னொன்று, செல்பேசியில் ஒலிநூல் இரவல் எடுக்கச் சொல்லித்தரும் அரை மணி நேரம், ஒருவருக்கு ஒரு தன்னார்வலர் என்று. பிடிக்காதது, கூட்டங்களில் பேச வருகிறவர்கள் "மைக் வேண்டாம், என் குரலே போதும்" என்பது. பேசுகிறவருக்குப் போதும், மூன்றாவது வரிசையில் காது மந்தமாக இருப்பவருக்கு?

இத்தனைக்கும் மேலே நின்றது மனித நூலகம். 2000இல் டென்மார்க்கில் ஆரம்பித்த யோசனை, புத்தகத்துக்குப் பதில் ஒரு மனிதரை இரவல் எடுத்து உட்கார்ந்து பேசலாம். இங்கே ஆளுக்கு 20 நிமிடம். வயதுப் பிரிவு கிடையாது. அக்கா பையன் எடுத்தது திக்கிப் பேசுகிற ஒருவரை, பக்கத்து நாற்காலியில் அப்பாவும் உட்கார்ந்துவிட்டார். பையன் சுற்றி வளைக்காமல், "நீங்க பாதியில நிக்கும்போது நாங்க என்ன பண்ணணும்?" என்று கேட்டான். அவர் சிரித்துவிட்டு, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தோடும் மல்லுக்கட்டி, "என் வார்த்தையை நீ முடிச்சு வைக்காதே, கொஞ்சம் காத்திரு" என்றார். 20 நிமிடம் முடிந்து மணி அடித்ததும் அப்பா கேட்டது, "இவரைப் புதுப்பிக்க முடியுமா?" கதை நேரத்துக்கும் வாசகர் வட்டத்துக்கும் தனித்தனி அறை பார்த்துப் பழகிய எனக்கு, தாத்தாவும் பேரனும் ஒரே மேஜையில் உட்காருவது போல ஒன்றை வருடத்துக்கு ஒரு தடவைதான் வைக்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

5க்கு மூன்றரை கொடுக்கிறேன். அந்தக் கவுண்டரை ஆறரை வரை திறந்து வைத்தால் நான்கு.