மாலூர் பக்கம் போர்வெல் போடப் போறீங்களா? ராடை எண்ணுங்க

பெங்களூர் ராமமூர்த்தி நகரில் இருக்கிறேன். 2024 மார்ச்சில் ஊரே தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடியது ஞாபகம் இருக்கும். நகரத்தின் சுமார் 14,000 போர்வெல்லில் 6,900 வற்றிவிட்டது என்று அப்போது அரசே சொன்னது. எங்கள் குடியிருப்பில் குளிக்க ஆளுக்கு ஒரு பக்கெட் என்று ஆனபோதுதான் மாலூர் பக்கம் வாங்கிப் போட்டிருந்த 20 குண்டே, அதாவது அரை ஏக்கர், மனசில் வந்து உட்கார்ந்தது. அங்கே ஒரு போர் போட்டு நாற்பது மாங்கன்று வைத்துவிட்டால் வயசான காலத்தில் போய் இருக்கலாம் என்று மனைவியும் நானும் பேசிக்கொண்டோம்.

போர் போட்டுத் தரும் ஏஜென்ட் டீக்கடையில் கிடைத்தவர். சேலம் பக்கத்துத் தமிழ். "நம்ம ஆளுங்களுக்குத் தப்பா செய்வேனா சார்" என்று ஒரே வார்த்தை, நான் காலி. கன்னடத்தில் பேரம் பேசத் தடுமாறுகிறவனுக்குத் தமிழ் காதில் விழுந்தால் மூளை கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொள்கிறது, என்ன செய்ய. துளை போடும் ரிக் வண்டியும் திருச்செங்கோட்டு வண்டி. இந்தியாவில் எந்த மூலைக்குப் போனாலும் ரிக் அங்கிருந்துதான் வந்திருக்கும் என்பார்களே, அதுவும் ஒரு தைரியம்.

எந்த இடத்தில் துளை போடுவது என்று பாயிண்ட் பார்க்க ஒருவர் தேங்காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நடந்தார், அது நிமிர்ந்து நின்றது, 2,000 வாங்கிக்கொண்டார். அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

அனுமதி வேண்டாமா என்று ஏஜென்டைக் கேட்டேன். "அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார். மாலூர் இருக்கும் கோலார் மாவட்டம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சிவிட்ட பகுதி, அங்கே துளை போடுவதற்கு 2011ல் வந்த கர்நாடகச் சட்டப்படி முன் அனுமதி வாங்க வேண்டும், ரிக் வண்டியும் பதிவு செய்ததாக இருக்க வேண்டும். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அனுமதி இல்லாமல் போட்டதால் நானே தப்பு செய்தவன் ஆகிவிட்டேன், இனி எந்த ஆபீஸில் போய்ப் புகார் கொடுப்பது? அவர் "பாத்துக்கறேன்" என்றதன் முழு அர்த்தம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது கணக்குக்கு வருகிறேன், தயவுசெய்து இதை நிதானமாகப் படியுங்கள். முதல் 300 அடிக்கு அடி 90 ரூபாய் என்றார்கள், மலிவுதானே என்று தலையாட்டினேன். அதற்கப்புறம் நூறு நூறு அடிக்கு ரேட் ஏறும், 100, 110, 130, 160, 200, 250, 310, 380, 460 என்று. ஒரு சின்னக் காகிதத்தில் எழுதிக் காட்டினார், நான் மேல் வரியை மட்டும் பார்த்தேன்.

மதியம் மூன்று மணிக்கு ஆரம்பித்தார்கள். மேல் மண் சரியாமல் இறக்கும் கேசிங் பைப் 80 அடி இறங்கியது, நானே எண்ணினேன், ஒரு அடிகூடப் பிசகில்லை. பகலில் அவ்வளவு சுத்தம். அப்புறம் பாறை. கம்ப்ரஸர் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது, வெள்ளைப் புகை கிளம்பி என் சட்டை, புருவம், மீசை எல்லாம் மாவு மில்லுக்காரன் மாதிரி ஆகிவிட்டது. ராத்திரி பதினொன்றுக்கு 500 அடி தாண்டியும் வெறும் புகைதான். "சார் நீங்க மாலூர் லாட்ஜ்ல போய்ப் படுங்க, தண்ணி வந்தா போன் பண்றேன்" என்றார். போனேன், படுத்தேன்.

விடியற்காலை ஐந்தரைக்குப் போன். போய்ப் பார்த்தால் துளையிலிருந்து தண்ணீர் ஆள் உயரத்துக்கு அடிக்கிறது. "1,180 அடி சார், 1,150ல அம்மா கண்ணத் தொறந்துட்டா, ரெண்டரை இஞ்ச்!" தண்ணீர் வரத்தை இஞ்ச் கணக்கில்தான் சொல்வார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கற்பூரம் ஏற்றி, பையன்களுக்கு 500 500 கொடுத்து, 2,27,800 ரூபாயை அங்கேயே ரொக்கமாக எண்ணிக் கொடுத்தேன். கேசிங் தனி. பில் என்று தந்தது கையால் எழுதிய துண்டுச் சீட்டு, அதில் ஜிஎஸ்டி நம்பர்கூடக் கிடையாது.

புகை அடங்கவும் துளையைக் கழுவவும் ரிக்கிலேயே தண்ணீரை உள்ளே செலுத்த பம்ப் இருக்கிறது, கூட வரும் லாரியில் டேங்க் இருக்கிறது, உள்ளே விட்ட தண்ணீரைக் கம்ப்ரஸர் காற்று மேலே தூக்கி அடிக்கும்போது ஊற்று பீறிடுவது போலத்தான் தெரியும் என்று அப்போது யாராவது என் காதில் சொல்லியிருக்கலாம்.

மூன்று வாரம் கழித்து மோட்டார் இறக்க வந்தவர் முதலில் நைலான் கயிற்றில் இரும்புத் துண்டு கட்டி இறக்கிப் பார்த்தார். கயிறு ஒரு இடத்தில் தளர்ந்தது. மேலே இழுத்து அளந்தால் 835 அடி. நானோ 1,100 அடிக்குக் கேபிளும் பைப்பும் அதற்கேற்ற மோட்டாரும் வாங்கி வைத்திருக்கிறேன்.

ஏஜென்டுக்குப் போன் போட்டேன். "உள்ள சரிஞ்சிருக்கும் சார், மண்ணு." சரிவது நடக்கக்கூடியதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஆறரை இஞ்ச் துளையில் 340 அடி மூட வேண்டுமென்றால் ஏறக்குறைய 80 கன அடி உதிர வேண்டும், அதுவும் கேசிங்குக்குக் கீழே கருங்கல்லில். மோட்டார்காரர் சிரித்தே விட்டார்.

அப்போதுதான் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் என்னைக் கையைப் பிடித்துத் தன் மோட்டார் ரூமுக்குக் கூட்டிப்போனார். அவர் நிலத்தில் மூன்று போர் போட்டு இரண்டு பொய்த்துப்போனவர். ரிக் சத்தத்தில் அன்று அவருக்குத் தூக்கமில்லை, பழக்க தோஷத்தில் துளை இறங்க இறங்க ரிக்கில் ஒவ்வொரு ராடு, அதாவது துளைக்கும் இரும்புக் குழாய், மாட்டும்போதும் சுவரில் கரிக்கோடு போட்டிருக்கிறார். ஐந்து ஐந்தாகக் கட்டு கட்டியிருந்தார், எட்டுக் கட்டு, தனியே இரண்டு. "நலவத்தெரடு" என்றார். நாற்பத்திரண்டு. ராடு ஒன்று 20 அடி, ஆக 840. 1,180 என்றால் ஐம்பத்தொன்பது ராடு இறங்கியிருக்க வேண்டும்.

840 அடிக்கு அந்த ரேட்படி கணக்குப் போட்டால் 1,07,000 ரூபாய். இல்லாத 340 அடிக்கு நான் கொடுத்தது 1,20,800. தோண்டியதைவிடத் தோண்டாததற்குத்தான் அதிகம் கொடுத்திருக்கிறேன்.

மோட்டாரை 800 அடியில் நிறுத்தி ஓட்டினோம். நாற்பது நிமிடம் தண்ணீர், அப்புறம் காற்று. ரெண்டரை இஞ்ச் எல்லாம் இல்லை, முக்கால் இஞ்ச் இருந்தால் பெரிது. குறைந்தது அரை நாளாவது ஓட்டிப் பார்த்து அளந்த பிறகே இஞ்ச் கணக்கை நம்ப வேண்டும் என்கிறார் மோட்டார்காரர்.

அந்தப் பக்கம் போர் போடுகிறவர்கள் ரேட்டைக் கடைசி அடி வரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், ராத்திரி ஓட்டினால் கூடவே ஒரு ஆளை நாற்காலி போட்டு உட்கார வையுங்கள், கயிறு விட்டு அளக்காமல் பணத்தை எடுக்காதீர்கள். இன்னொன்று, பொய்த்த துளையை அப்படியே விட்டுப் போவார்கள். எனக்கும் மூடி போடாமல் ஒரு சாக்கைச் சுற்றிவிட்டுத்தான் போனார்கள், 2019ல் மணப்பாறை பக்கம் குழந்தை போர்க் குழியில் விழுந்ததை நாம் எல்லாரும் டிவியில் பார்த்தோம், மோட்டார் இறக்கும் வரை மூன்று வாரமும் அதன் மேல் கல் வைத்திருந்தேன்.

இப்போது காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி ஓட்டுகிறேன், மாங்கன்றுக்குச் சொட்டு நீர் கட்டுப்படியாகிறது. அந்தக் கரிக்கோட்டைப் போட்டோ எடுத்து ஏஜென்டுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. அதோடு சரி.