டேப்புக்குள் மறைத்த கிழிசல்: பழைய சின்ன கார் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

கடலூர், புதுச்சேரி பக்கம் பழைய சின்ன கார் ஓட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். முந்நூறு ரூபாய் ரப்பர் ஹோஸ் ஒன்று கிழிந்ததற்கு நான் 13,400 ரூபாய் கொடுத்திருக்கிறேன். அதன் பிறகும் வண்டி சரியாகவில்லை. என்ஜினை இறக்க வேண்டும், இன்னொரு 35,000 ஆகும் என்று ஒர்க் ஷாப்பில் சொன்னார்கள். பணம் போனதைக்கூட ஒரு மாதிரி பொறுத்துக்கொள்ளலாம். அந்தக் கிழிசலை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள், பார்த்துவிட்டு மூடி வைத்திருக்கிறார்கள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

என்னுடையது 800 சிசி, மூன்று சிலிண்டர் பெட்ரோல் வண்டி, 2011 மாடல். 2021இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். வீடு மஞ்சக்குப்பத்தில். அம்மாவை மாதம் ஒருமுறை கண் பரிசோதனைக்குப் புதுச்சேரி அழைத்துப் போவதற்காகத்தான் முக்கியமாக இந்த வண்டி.

அன்றைக்கு அரியாங்குப்பம் நெரிசலில் நின்றபோது ஆரம்பித்தது. ஆக்ஸிலேட்டரில் கால் வைக்கவே இல்லை, ரேஸ் தானாக ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. கூடவே மெல்லிய விசில் சத்தம். சூடான ஆயில் வாசனை உள்ளே வந்து அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அம்மாவை மருத்துவமனையில் விட்டுவிட்டு, கண்ணில் பட்ட ஒரு ஒர்க் ஷாப்பில் வண்டியை நிறுத்தினேன்.

அங்கே இருந்தவர் பானெட்டைத் திறந்து இரண்டு நிமிடம் பார்த்தார். "அக்கா, சென்சார் போயிருக்கு. டாப்பெட் கவர் பேக்கிங்கும் லீக். விட்டுட்டுப் போங்க, நான் பார்த்துக்கிறேன், கவலையே படாதீங்க" என்றார். டாப்பெட் கவர் என்பது என்ஜினின் மேல்மூடி, பேக்கிங் அதில் ஆயில் கசியாமல் தடுக்கும் பட்டை. பேச்சில் அவ்வளவு பரிவு. நானும் அம்மாவும் பஸ் பிடித்து வீடு வந்தோம்.

மூன்றாம் நாள் போனபோது ஒரு துண்டுத் தாளில் கணக்கு எழுதிக் காட்டினார். மேப் சென்சார் (என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) 4,800, த்ராட்டில் பாடி (காற்று நுழையும் வாய்) கிளீனிங் 1,500, டாப்பெட் கவர் பேக்கிங் 1,900, ஆயிலும் ஃபில்டரும் 2,200, கூலி 3,000. பில் கேட்டேன். "பில் போட்டா டாக்ஸ் சேரும்க்கா, உங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார். பழைய சென்சாரைக் கேட்டேன், குப்பையில் போய்விட்டதாம். வண்டி அப்போது அமைதியாக நின்று ஓடிக்கொண்டிருந்தது. அதனால் 8,000 ஜிபேயில் போட்டேன், மீதியைக் கையில் கொடுத்தேன்.

நான்கே நாள். மறுபடி அதே விசில், அதே ஏற்ற இறக்கம். போன் செய்தால், "அப்படின்னா ரிங் போச்சுக்கா. என்ஜின் இறக்கணும். முப்பத்தஞ்சு ஆகும். அட்வான்ஸ் மட்டும் போட்டு விடுங்க, ஆளை அனுப்பி வண்டியை எடுத்துக்கிறேன்" என்றார். ரிங் என்றால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம். அது போய்விட்டதென்று, சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் பார்த்தீர்களா என்று கேட்கக்கூட அப்போது எனக்குத் தெரியாது.

அட்வான்ஸ் அனுப்பாமல் என்னைத் தடுத்தவர் எதிர்வீட்டு மாமா. போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "ஏம்மா, சைலன்ஸர்ல நீலப் புகை வருதா? ஆயில் குறையுதா?" என்று கேட்டார். ரிங் போனால் ஆயில் எரிந்து அந்த இரண்டும் வழக்கமாகத் தெரியுமாம். எனக்கு இரண்டும் இல்லை. "அப்ப ரிங் எப்படிப் போகும்? பானெட்டைத் திற."

ஓடுகிற என்ஜினில் ஒவ்வொரு ஹோஸாக, துணி சுற்றிய பிளையரால் மெதுவாக அழுத்திப் பார்த்தார். டாப்பெட் கவரிலிருந்து இன்டேக் மேனிஃபோல்டுக்கு, அதாவது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்க்கு, போகும் ஹோஸை மேனிஃபோல்டு பக்கம் அழுத்தியதும் விசில் நின்றது, ஐடிலிங் (ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காதபோது என்ஜின் ஓடும் வேகம்) படிந்தது. விட்டதும் மறுபடி விசில். என்ஜினை அணைத்து ஆறவிட்டு ஹோஸைக் கழற்றினார்.

அதன் வளைவுக்கு அடிப்பக்கம், மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், கறுப்பு இன்சுலேஷன் டேப் நாலைந்து சுற்று சுற்றியிருந்தது. புது டேப். ஓரம் மட்டும் ஆயிலில் ஊறி, பசை பிதுங்கி வழுக்கிக்கொண்டு நகர்ந்திருந்தது. பிரித்தால் உள்ளே சுண்டுவிரல் நீளத்துக்குக் கிழிசல். கிழிசலின் இரண்டு உதடும் வெந்த கத்திரிக்காய்த் தோல் மாதிரி உப்பி, தொட்டால் பிசுபிசுத்தது. அதாவது கோளாறு எங்கே என்று முதல் நாளே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. டேப் தாங்கிய நான்கு நாளும் வண்டி ஓடியது. ஆயிலும் சூடும் சேர்ந்து பசையை இளக்கியதும் பழையபடி ஆகிவிட்டது.

மாமா அதோடு நிற்கவில்லை. டாப்பெட் கவர் போல்ட்டுகளைக் காட்டினார். தலையில் பல வருட அழுக்கு அப்படியே உறைந்திருந்தது. ஸ்பேனர் பட்டிருந்தால் அந்த அழுக்கு உடைந்திருக்கும். பேக்கிங் மாற்றியதாகச் சொன்னது பொய். அடுத்து சென்சார். வண்டி வாங்கியபோது என்ஜின் அறையைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன். அந்தப் படத்தில் சென்சார் மேல் சின்னதாக ஒரு நீலப் பெயின்ட் கோடு. 4,800 ரூபாய் "புது" சென்சாரிலும் அதே இடத்தில் அதே நீலக் கோடு இருந்தது. துடைத்துப் பளபளப்பாக்கி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்த ஹோஸுக்கு அப்படி என்ன வேலை என்பதையும் சொல்லிவிடுகிறேன், தெரிந்திருந்தால் நான் ஏமாந்திருக்க மாட்டேன். சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும்போது கொஞ்சம் வாயு பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். புது வண்டியிலும் இது உண்டு. அந்த வாயு உள்ளேயே தேங்கினால் அழுத்தம் கூடி, சீல் வழியாக ஆயிலை வெளியே தள்ளும். அதனால் பிரீதர் ஹோஸ் எனப்படும் இந்த ஹோஸ் வழியாக அதை மறுபடி இன்டேக்குக்கே அனுப்பி எரிய வைக்கிறார்கள். எவ்வளவு போகலாம் என்பதைப் பிசிவி வால்வு என்ற சின்ன வால்வு பார்த்துக்கொள்கிறது. ஹோஸ் கிழிந்தால் கணக்கில் இல்லாத காற்று உள்ளே நுழைந்து ஐடிலிங் தாறுமாறாகும். ஹோஸ் அடைத்துக்கொண்டால் ஆயில் கசியும். இரண்டையுமே தெரியாதவரிடம் 'என்ஜின் போச்சு' என்று சொல்லிவிட முடியும். என்னிடம் சொன்ன மாதிரி.

வேலையை வீட்டு வாசலிலேயே முடித்தோம். ஆனால் அதிலும் ஒருமுறை அடிபட்டேன். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடையில் பழைய ஹோஸைக் காட்டிக் கேட்டதற்கு, மீட்டர் கணக்கில் ஒரு நேர் ஹோஸை வெட்டிக் கொடுத்து, "எல்லாம் ஒண்ணுதான் மேடம், போடுங்க" என்றார்கள். மாமா ஊருக்குப் போயிருந்தார். நானே போட்டேன். இரண்டே வாரத்தில் அது ஊறிப் பருத்து, வளைவில் மடங்கி அடைத்துக்கொண்டது. திரும்பி வந்த மாமா கையில் வாங்கிப் பார்த்ததுமே சொன்னார், அது ரேடியேட்டர் தண்ணீருக்கான ரப்பர் என்று. தண்ணீர் ஹோஸ் பெரும்பாலும் ஈபிடிஎம் ரப்பர். சூட்டைத் தாங்கும், ஆயிலைத் தாங்காது. பிரீதருக்கு நைட்ரைல் மாதிரி ஆயில் தாங்கும் ரப்பர் வேண்டும். இன்டேக் பக்கம் உறிஞ்சும் வேகத்தில் மெல்லிய ஹோஸ் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும் என்பதால் சுவர் தடிமனாகவும் இருக்க வேண்டும். கடைசியில் வளைவோடு வார்த்த கம்பெனி ஹோஸையே ஆர்டர் கொடுத்து வாங்கினேன், 310 ரூபாய்.

மாட்டுவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. என்ஜின் முழுதாக ஆறியிருக்க வேண்டும். கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிளிப்பைத் தளர்த்தி, ஹோஸை இழுக்காமல் இடமும் வலமுமாகத் திருகினால் வந்துவிடும். வேகமாக இழுத்தால் பழைய பிளாஸ்டிக் முனை ஒடிந்துபோகும், அப்புறம் செலவு நிஜமாகவே ஆயிரக்கணக்கில் போகும். பிசிவி வால்வைக் காதருகே வைத்து ஆட்டினேன், எங்கள் வண்டியில் அது கலகலவென்று சத்தம் போட வேண்டுமாம். ஆயில் கசடு கெட்டிப்பட்டு ஊமையாக இருந்தது. கசடைக் கரைக்கும் கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்து ஊற வைத்ததும் சத்தம் வந்தது. புது கிளிப்பை ஹோஸ் நகராத அளவுக்கு மட்டும் இறுக்கினோம். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: கசிவைக் கண்டுபிடிக்கிறேன் என்று சூடான என்ஜின் மேல் கிளீனர் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். தீப்பிடிக்கும்.

பிறகு மாமாவின் பழைய சகா ஒருவர் கம்ப்ரஷன் மீட்டர் கொண்டுவந்து பார்த்தார். மூன்று சிலிண்டரிலும் அளவு நன்றாக, கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. ரிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மாவோடு மூன்று முறை புதுச்சேரி போய் வந்துவிட்டேன், அரியாங்குப்பம் நெரிசலில் வண்டி அசையாமல் நிற்கிறது.

ஆகவே யாராவது ரிங் போச்சு, போர் (சிலிண்டரின் உள்சுவர்) போச்சு, என்ஜின் இறக்கணும் என்றால் முதலில் கம்ப்ரஷன் அளவை உங்கள் கண் முன்னால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மாற்றிய சாமான் எல்லாம் கைக்கு வர வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். வண்டியை விடும் முன் என்ஜின் அறையை நாலு பக்கமும் படம் எடுங்கள். முடிந்தவரை பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள். எனக்கு மிச்சமிருக்கும் ஆதாரத்தில் அந்த ஜிபே பதிவு முக்கியமானது.

பில் கேட்டும் தராமல் இருப்பதே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறைதான். வேலை நடந்தது புதுச்சேரியில் என்றாலும், நான் குடியிருக்கும் கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்க அந்தச் சட்டம் இடம் தருகிறது. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். ஒர்க் ஷாப்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலும் அனுப்பினேன். அட்டை கையெழுத்தோடு திரும்பி வந்தது, பதில் வரவில்லை. புகார் மனு எழுதி முடித்துவிட்டேன், வரும் வாரம் கொடுக்கிறேன். கிழிந்த ஹோஸையும் பிரித்த டேப்பையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, தேதி எழுதி, பீரோவில் வைத்திருக்கிறேன்.