வகுப்பறையா, வேலை இடமா?

அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவர் துப்புரவு வேலைக்குச் சேர்கிறார். பாதுகாப்புப் பயிற்சியை எப்படித் தருவது?

எல்லோரோடும் உட்கார வைத்து ஒரே நாள் வகுப்பு எடுக்கலாம். செலவு குறைவு. ஆனால் “புரிந்ததா?” என்று கேட்டால் பலர் தலையாட்டிவிடுவார்கள், அதை நம்பக் கூடாது.

இன்னொரு வழி, வேலை இடத்திலேயே செய்து காட்டி, அவரையும் செய்ய வைப்பது. ப்ளீச்சையும் கழிப்பறை ஆசிட்டையும் கலந்தால் குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும். இதை வாயால் சொல்வதைவிட, இரண்டு பாட்டிலிலும் வெவ்வேறு நிறப் பட்டை ஒட்டி, தனித்தனி அலமாரியில் வைத்துப் பழக்குவது மேல். அப்புறம் தீ ஒத்திகை. அலாரச் சத்தம் ஆட்டிசம் உள்ள சிலரை உறைய வைத்துவிடும். கூடவே வெளியே நடந்து வர ஒரு சக ஊழியர் வேண்டும். நாள் பிடிக்கும், திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான்.