செஃப் கிளஸ்டர்: ஹோஸ்டுக்கு ஒரு ஃபைலா, மானிட்டரில் ஒரே பட்டியலா?

பினாங்கில் எங்களைப் போன்ற சின்ன டீமுக்கு ஒரே ரக சர்வர்களாக வாங்கித் தர எந்த முதலாளிக்கும் மனசு வராது. பாயான் லெப்பாஸ் ஆலைகளின் சோதனைக் கேமராப் படங்கள் வந்து குவியும் எங்கள் செஃப் கிளஸ்டரும் கலவைதான். (செஃப் என்பது பல சர்வர்களின் டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே சேமிப்பிடமாக்கும் மென்பொருள்.) 64 ஜிபி நினைவகம் உள்ள பழைய ஹோஸ்டுகள் (அதாவது சர்வர்கள்), 256 ஜிபி உள்ள புதியவை, எல்லாவற்றிலும் 12 டிஸ்க். டிஸ்க்குக்கு ஒன்றாக ஓடும் செஃப் நிரல்தான் ஓஎஸ்டி. அது ஒவ்வொன்றுக்கும் செஃப் வைத்திருக்கும் இயல்பான நினைவக இலக்கு 4 ஜிபி. பழைய பெட்டியில் 48 ஜிபி என்பது கணக்குக்கு அடங்கும். ஆனால் அது இலக்குதான், உச்சவரம்பு இல்லை. ரெக்கவரி (இழந்த தரவு நகல்களை மீண்டும் உருவாக்கும் வேலை) ஓடும்போது தாண்டிவிடும். ஆக, ஹோஸ்டுக்கு ஹோஸ்ட் வேறு மதிப்பு வைத்தே தீரவேண்டும்.

அதை வைக்க இரண்டு இடங்கள். ஒன்று, ஒவ்வொரு ஹோஸ்டிலும் இருக்கும் செஃப் கான்ஃப் ஃபைல். இன்னொன்று, 2018இல் மிமிக் வெளியீட்டோடு வந்த மானிட்டர் கான்ஃபிக் பட்டியல்; கிளஸ்டரின் நிலையைக் கவனிக்கும் செஃப் நிரலான மானிட்டர், எல்லா ஹோஸ்டுக்குமான அமைப்பு மதிப்புகளையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும். நாங்கள் இரண்டாவதற்கு மாறிவிட்டோம், என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

ஃபைல் வழியின் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லாருக்கும் பழக்கம். கிட்டில் (மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கருவி) வைத்து ஆன்சிபிளில் (பல சர்வர்களுக்கு ஒருசேர அனுப்பும் கருவி) தள்ளலாம்; யார், ஏன் மாற்றினார் என்பது கமிட்டிலேயே நிற்கும். மானிட்டர் பட்டியலிலும் ‘செஃப் கான்ஃபிக் லாக்’ உண்டு, ‘ரீசெட்’ கொடுத்து முந்தைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் ‘ஏன்’ என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. அதற்காக நாங்கள் தனியாக ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். கொஞ்சம் தொல்லைதான்.

என்னை மாற வைத்தது ஒரே காரணம். ஒரு மதிப்பு தப்பாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்?

ராத்திரி ஷிப்ட் தம்பி போன் செய்வான்: “அண்ணே, செட் பண்ணிட்டேன், கெட் அடிச்சா சரியாத்தான் காட்டுது. ஆனா மெமரி குறையவே மாட்டேங்குது.” இரண்டு வழியும் கலந்து கிடக்கும் கிளஸ்டரில் இது அடிக்கடி கேட்கும் புகார். ‘கான்ஃபிக் கெட்’ மானிட்டரின் பட்டியலில் உள்ளதை மட்டும் சொல்லும். ஓடிக்கொண்டிருக்கும் ஓஎஸ்டி கையில் என்ன வைத்திருக்கிறது என்று பார்க்க ‘கான்ஃபிக் ஷோ’ வேண்டும். அதில் ‘சோர்ஸ்’ என்று ஒரு பத்தி வரும்: டிஃபால்ட், மான் (மானிட்டர்), ஃபைல், ஓவர்ரைட் என்று. அங்கே ‘ஃபைல்’ என்று இருந்தால் வழக்கு முடிந்தது. மானிட்டர் சொல்வதை விட ஹோஸ்டில் கிடக்கும் ஃபைலுக்கே செஃப் முன்னுரிமை கொடுக்கும். எப்போதோ யாரோ எழுதிப்போட்ட ஒரு வரி, மேலே என்ன செட் பண்ணினாலும் அசையாது. ‘ஓவர்ரைட்’ என்றிருந்தால், யாரோ ‘செஃப் டெல்’ வழியாக ஓடும் ஓஎஸ்டியிலேயே நேராக மாற்றியிருக்கிறார். அது ஃபைலையும் மீறும், ரீஸ்டார்ட் செய்தால் காணாமல் போகும்.

ஃபைல் வழியில் மட்டும் இருந்தால் இதே விசாரணைக்கு ஒவ்வொரு ஹோஸ்டாக உள்ளே போய்ப் பார்க்கவேண்டும். செஃப்பை நிறுவி நிர்வகிக்கும் கருவியான செஃப்ஏடிஎம் வழியாகக் கன்டெய்னரில் ஓடும் கிளஸ்டராக இருந்தால் இன்னொரு குழியும் உண்டு. ஓஎஸ்டி படிப்பது ஈடிசி செஃப் அடைவில் இருக்கும் ஃபைலை இல்லை. வார் லிப் செஃப் அடைவுக்குள், அந்த ஓஎஸ்டிக்கென்றே இருக்கும் ‘கான்ஃபிக்’ ஃபைலை. வழக்கமான இடத்தில் திருத்திவிட்டு எத்தனை தடவை ரீஸ்டார்ட் செய்தாலும் பலன் இருக்காது.

மானிட்டர் வழியில் ஹோஸ்ட் வித்தியாசத்தை மாஸ்க் (மதிப்பு யாருக்கு என்று குறிக்கும் நிபந்தனை) போட்டுச் சொல்லலாம்: ‘ஓஎஸ்டி’, ஒரு சாய்கோடு, ‘ஹோஸ்ட்’, முக்காற்புள்ளி, ஹோஸ்டின் பெயர். ஓஎஸ்டி எண்ணைக் குறித்து எழுதினால் டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் போட்டாலும் பழைய மதிப்பு கூடவே போகும். மாஸ்க் என்றால் புதிய ஹோஸ்டின் மதிப்பு தானாக வந்துவிடும். பெரும்பாலான மாற்றங்கள் ரீஸ்டார்ட் இல்லாமலே இறங்கும். எது இறங்காது என்பதை ‘கான்ஃபிக் ஹெல்ப்’ சொல்லிவிடும்.

இந்த வழியிலும் சிக்கல் இருக்கிறது. மாஸ்க்கில் எழுதும் பெயர், எந்த ஓஎஸ்டி எந்த ஹோஸ்டில் என்று செஃப் வைத்திருக்கும் க்ரஷ் மரத்தில் உள்ள பெயரோடு அப்படியே பொருந்தவேண்டும். அங்கே வழக்கமாக இருப்பது குட்டைப் பெயர். டொமைனோடு முழுப் பெயர் எழுதினால் பட்டியலில் வரி ஏறும், எந்த ஓஎஸ்டிக்கும் போய்ச் சேராது. ‘ஓஎஸ்டி ட்ரீ’ பார்த்துப் பெயரை காப்பி செய்வதே நல்லது. இன்னொன்று, செஃப்ஏடிஎம்மின் நினைவக ஆட்டோட்யூன் (இலக்கைத் தானாகக் கணக்கிடும் வசதி) ஓடினால் அதுவே ஹோஸ்ட் மாஸ்க்கோடு மதிப்புகளை எழுதும். ஹோஸ்டின் நினைவகத்தில் 0.7 பங்கை இயல்பாகத் தன் கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதே பெட்டியில் விர்ச்சுவல் மெஷின்களும் ஓடுகிறது என்றால் அதை அணைத்துவிடுங்கள்.

ப்ராக்ஸ்மாக்ஸ் (விர்ச்சுவல் மெஷின்களை நடத்தும் தளம்) வைத்து செஃப் ஓட்டுபவர்களுக்கு என் சாய்வு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். அங்கே எல்லா நோடும் ஒரே செஃப் கான்ஃப் ஃபைலைத்தான் பகிர்கின்றன. நண்பர்கள் நடத்துவதைப் பக்கத்திலிருந்து பார்த்ததோடு சரி. நூற்றுக்கணக்கில் ஹோஸ்ட் வைத்திருப்பவர்களின் கணக்கும் வேறாக இருக்கலாம்.

மாறுவதாக இருந்தால் ஒரு விஷயம். ‘அசிமிலேட் கான்ஃப்’ கட்டளை ஃபைலில் உள்ளதை மானிட்டருக்கு ஏற்றிவிடும், ஆனால் ‘ஓஎஸ்டி’ பிரிவில் உள்ளதை மாஸ்க் இல்லாமல் ஏற்றும். பழைய பெட்டிக்கென்று வைத்த 3 ஜிபி அப்படியே எல்லாருக்கும் போய்விடும். ஹோஸ்டுக்கு ஹோஸ்ட் மாறும் வரிகளை முதலில் கையாலேயே மாஸ்க்கோடு செட் செய்து, ஃபைலிலிருந்து நீக்கிவிட்டு, மிச்சத்தை ஏற்றுங்கள். ஃபைலில் கடைசியில் எஃப்எஸ்ஐடியும் (கிளஸ்டரின் அடையாளம்) மானிட்டர் முகவரியும் இருந்தால் போதும். ‘ஜெனரேட் மினிமல் கான்ஃப்’ அதையும் எழுதித் தந்துவிடும்.