பிராசஸர் மட்டுமா, முழு மதர்போர்டா? பழைய சர்வர் ஒன்றைத் திறந்து பார்த்து எடுத்த முடிவு

காரைக்குடியில் எங்கள் இரும்பு, பெயிண்ட் மொத்த வணிகத்தின் கணக்கையும் சரக்கிருப்பையும் தேவகோட்டை, புதுக்கோட்டைக் கிளைகளுக்கும் சேர்த்துத் தாங்கி நிற்கும் 2யூ சர்வர் (ரேக் அலமாரியில் இரண்டு அலகு உயரம் பிடிக்கும் மையக் கணினி), கடந்த ஏப்ரலில் மூன்று வாரங்களுக்குள் நான்கு முறை தானாக அணைந்து மீண்டும் எழுந்தது. நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்து பார்த்தபோது நான்கு முறையும் ஒரே வரிதான் இருந்தது: இரண்டாம் பிராசஸரில் மெஷின் செக் பிழை, அதாவது வன்பொருளில் கோளாறு என்று பிராசஸரே எழுப்பும் எச்சரிக்கை. இரண்டு பிராசஸர்கள் கொண்ட அந்த இயந்திரத்துக்கு எட்டு வயது ஆகியிருந்தது. உத்தரவாதக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. எங்கள் முன் நான்கு வழிகள் இருந்தன. பழுதான பிராசஸரை மட்டும் மாற்றலாம், மதர்போர்டையே மாற்றலாம், புதுப்பிக்கப்பட்ட வேறொரு சர்வரை வாங்கலாம், அல்லது ஒற்றைப் பிராசஸரோடு காலம் தள்ளலாம். நாங்கள் தேர்ந்தெடுத்தது முதல் வழி. என் சாய்வு அந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விலையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பழைய தலைமுறைப் பிராசஸர் ஒன்று சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் மலிவாகக் கிடைக்கிறது. மதர்போர்டு அதைப்போலப் பல மடங்கு. முழு இயந்திரம் அதற்கும் மேல். ஆனால் விலையை மட்டும் வைத்து முடிவெடுப்பவர்கள்தான் பெரும்பாலும் தவறான பொருளை வாங்குகிறார்கள். ஏனென்றால் பதிவேடு பிராசஸரைக் குற்றம் சொல்வதாலேயே பிராசஸர் குற்றவாளி ஆகிவிடாது. இந்தத் தலைமுறைகளில் நினைவகக் கட்டுப்பாட்டுப் பகுதி பிராசஸருக்குள்ளேயே இருப்பதால், கெட்டுப்போன ரேம், சாக்கெட்டில் (பிராசஸர் உட்காரும் இடம்) வளைந்த பின் (மெல்லிய தொடுகம்பி), மதர்போர்டின் மின்னழுத்தச் சுற்று ஆகிய எதில் கோளாறு வந்தாலும் பதிவேட்டில் பிராசஸரின் பெயரே விழக்கூடும். பிராசஸர் தானாகக் கெட்டுப்போவது இவற்றோடு ஒப்பிட்டால் அரிது.

ஆகவே முதலில் இரண்டாம் பிராசஸருக்கு உரிய ரேம்களை முதல் பிராசஸரின் இடங்களுக்கு மாற்றிப் பார்த்தோம். பிழை நகரவில்லை. பிறகு இரண்டு பிராசஸர்களையும் சாக்கெட் மாற்றிப் பொருத்தினோம். இயந்திரம் எழுந்த இரண்டு மணி நேரத்தில் அதே பிழை முதல் பிராசஸரின் பெயரில் பதிவானது. பழுது பிராசஸரோடு சேர்ந்து நகர்ந்தால் பிராசஸரை மாற்ற வேண்டும். சாக்கெட்டிலேயே தங்கிவிட்டால் மதர்போர்டைத்தான் பார்க்க வேண்டும். மாற்றிப் பொருத்தியதும் பிழையே மறைந்துவிட்டால் தொடுமுனையில் படிந்த அழுக்கோ சரியாக உட்காராததோ காரணமாக இருக்கலாம், எனவே எதையும் வாங்காமல் சில வாரங்கள் காத்திருப்பது நல்லது. இந்தச் சோதனையைச் செய்யாமல் முதல் வழியையோ இரண்டாம் வழியையோ தேர்ந்தெடுப்பது, நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பது போன்றது.

இங்கே எங்கள் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அலுவலகம் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் இரண்டாங்கட்டில் இருக்கிறது. ஒரு காலத்தில் பாத்திர பண்டங்கள் அடுக்கி வைத்திருந்த அறையில் ரேக் நிற்கிறது. தடித்த சுண்ணாம்புச் சுவர்களால் வெக்கை உள்ளே இறங்காது என்பது பெரிய வசதி. அந்தச் சுவர்களிலிருந்து மாவு போன்ற காரைத் தூள் ஓயாமல் உதிர்வது அதற்குச் சமமான தொல்லை. எட்டு ஆண்டுகளில் அந்தத் தூள், பிராசஸரின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்கின் தகடுகளுக்கிடையே பஞ்சுபோல் அடைந்திருந்ததைப் பார்த்தபோது, பழுதுக்கு எங்கள் பராமரிப்பின்மையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது.

இனி, முடிவைத் தீர்மானித்த ஒரே விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சர்வரில் இருப்பது எல்ஜிஏ 2011-3 சாக்கெட். இந்த வகையில் பின்கள் பிராசஸரில் இல்லை. மதர்போர்டில் இருக்கும் சாக்கெட்டில்தான் உள்ளன. பிராசஸரின் அடியில் தட்டையான பொன்முலாம் பூசிய புள்ளிகள் மட்டுமே இருக்கும். ஒரு சாக்கெட்டில் 2011 பின்கள். ஒவ்வொன்றும் தலைமுடியைப் போல மெல்லியதாக, ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும். விரல் நுனி உரசினாலும், துணியின் நூல் ஒன்று மாட்டினாலும், பிராசஸர் சற்றே சாய்வாக விழுந்தாலும் வளைந்துவிடும். வளைந்ததை நிமிர்த்தி மீண்டும் நம்புவது கடினம். ஆகையால் ஒரு பழுதுநீக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதை, அந்த வேலையில் எத்தனை சாக்கெட்டுகள் திறந்த நிலையில் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன என்பதை வைத்தே நான் அளக்கிறேன்.

எங்களிடம் வந்த பராமரிப்பு ஒப்பந்தக்காரர், பிராசஸரைத் தொடுவதைவிடப் போர்டையே மாற்றிவிடுவது பாதுகாப்பானது என்றார். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் எண்ணிப் பாருங்கள். பிராசஸரை மட்டும் மாற்றினால் ஒரு சாக்கெட்டைத்தான் திறக்க வேண்டும். போர்டை மாற்றினால் பழைய போர்டில் இரண்டு, வரும் போர்டில் இரண்டு என நான்கு சாக்கெட்டுகள். அவற்றோடு 24 ரேம் இடங்கள், ரைசர் கார்டுகள் (கூடுதல் கார்டுகளைச் செருகும் துணைப் பலகைகள்), மின்விசிறி இணைப்புகள், கேபிள்கள் என அனைத்தையும் கழற்றி மாட்ட வேண்டும். பழைய போர்டைத் திருப்பிக் கொடுத்து விலையில் கழிக்கும் ஏற்பாடு என்றால், அதன் பின்களும் சேதமில்லாமல், மேலே பிளாஸ்டிக் மூடியோடு போய்ச் சேர வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு, பழுது உண்மையில் பிராசஸரில் இருந்தால் அது புதிய போர்டுக்கும் கூடவே வந்துவிடும். பல வருடம் ஓடிய போர்டைப் பழைய பொருளாக வாங்கும்போது அதன் பின்களை யார் எப்படிக் கையாண்டார்கள் என்பதும் பார்சலைப் பிரிக்கும் வரை தெரியாது.

போர்டு மாற்றத்தில் மறைந்திருக்கும் வேறு வேலைகளும் உண்டு. நெட்வொர்க் போர்ட்டின் தனி அடையாள எண்ணான மேக் முகவரி மாறுவதால், அதோடு பிணைக்கப்பட்ட கணக்கு மென்பொருளின் உரிமம் செயலிழக்கலாம். பயாஸ் (இயந்திரத்தை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகளையும் இயந்திரத்தின் வரிசை எண்ணையும் மீண்டும் பதிய வேண்டும். வட்டுகளைப் பூட்டும் சாவி போர்டில் உள்ள டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லில் இருந்தால், மீட்புச் சாவியை முன்பே எடுத்து வைக்காதவர்கள் தங்கள் தரவிலிருந்து தாங்களே பூட்டி வெளியேற்றப்படுவார்கள். பழுது சாக்கெட்டிலேயே தங்கினாலோ, பின் வளைந்திருந்தாலோ மட்டும், இத்தனைக்கும் பிறகும் போர்டு மாற்றமே சரி. அப்போது பிராசஸர் வாங்குவது வீண்செலவு.

மாற்றுப் பிராசஸர் வருவதற்கு ஒன்பது நாள் ஆனது. அந்த நாட்களில் நான்காம் வழியைத் தற்காலிகமாகக் கையாண்டோம்: நல்ல பிராசஸரை முதல் சாக்கெட்டில் வைத்து, இரண்டாவதைக் காலியாக விட்டு ஓட்டினோம். முதல் சாக்கெட் காலியாக இருந்தால் இயந்திரம் எழாது. இரண்டாம் பிராசஸரோடு இணைந்த ரேம் இடங்களும் ரைசர் கார்டு இடங்களும் அதுவரை செத்துக் கிடக்கும். எங்கள் கூடுதல் நெட்வொர்க் கார்டு அந்தப் பக்கம் இருந்ததால் இடம் மாற்ற வேண்டியிருந்தது. காலி சாக்கெட்டின் மேல் மூடியும், ஹீட் சிங்க் இருந்த இடத்தில் காற்றோட்டத்தை அடைக்கும் வெற்றுத் துண்டும் இல்லாவிட்டால், காற்று எளிதான வழியில் ஓடி, வேலை செய்யும் பிராசஸர் சூடாகும். ஒருசில நாட்களுக்கு இது போதும். வருடக்கணக்கில் இப்படியே ஓட்டுபவர்களையும் கண்டிருக்கிறேன். இரவு நேரக் கணக்கு முடிப்பு எங்களுக்கு இரு மடங்கு நேரம் எடுத்ததால் நாங்கள் அதை விரும்பவில்லை.

பிராசஸர் வாங்கும்போது இருக்கும் பிராசஸரின் மாதிரி எண்ணோடு அச்சாகப் பொருந்த வேண்டும். இரண்டு சாக்கெட்டிலும் வெவ்வேறு மாதிரிகளைக் கலக்கக் கூடாது. உலோக மூடியில் பொறித்திருக்கும் எஸ்ஆர் என்று தொடங்கும் குறியீடும் ஒன்றாக இருப்பது நல்லது. க்யூ என்று தொடங்கும் குறியீடு இருந்தால் அது சோதனைக்காக வெளியிடப்பட்ட மாதிரி. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மாற்றிய நாள் கத்திரி வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் சந்தை நாள். எங்கள் கணக்கப்பிள்ளை முகப்பில் உட்கார்ந்து, "தம்பி, காலையில கடை திறக்கிறப்ப கணக்கு ஓடுமா ஓடாதா, அத மட்டும் சொல்லுங்க" என்று இரண்டு முறை கேட்டார். முந்தைய இரவே காப்பு எடுத்து, அதிலிருந்து ஒரு கோப்பை மீட்டும் பார்த்திருந்தோம். சர்வரை முறையாக அணைத்து, இரண்டு பவர் சப்ளைகளின் வயர்களையும் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடித்தோம். ஒரு வயரைப் பிடுங்கிவிட்டு மற்றதை மறப்பவர்கள் இருக்கிறார்கள். அணைந்த பிறகும் போர்டில் காத்திருப்பு மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வட்டுகளுக்கு எண் ஒட்டிக் கழற்றி எடை குறைத்த பின், இரண்டு பேராக இயந்திரத்தைத் தூக்கித் தேக்கு மேசையில் வைத்தோம்.

மேலே சுற்றும் மின்விசிறியை நிறுத்த வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் காரைத் தூள் நேராகச் சாக்கெட்டில் விழும். விசிறி நின்றதும் வியர்வை வேறொரு பகையானது. நெற்றியில் துண்டு கட்டிக்கொண்டேன். நிலைமின்சாரம் பாகங்களைத் தாக்காமல் காக்கும் ரிஸ்ட் ஸ்ட்ராப்பின் (மணிக்கட்டுப் பட்டை) கவ்வியைச் சர்வர் பெட்டியின் பெயிண்ட் இல்லாத உலோகத்தில் மாட்டினேன். வயர் பிடுங்கிய பெட்டிக்கு எர்த் இல்லையே என்று உடன் இருந்த தம்பி கேட்டான். நம் உடம்பும் பெட்டியும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதுதான் முக்கியம் என்று சொன்னேன். காலடியில் நைலான் விரிப்பு இல்லாமல் ஆத்தங்குடிக் கல் மட்டும் இருந்ததும் நல்லதாயிற்று.

முன்பு பிராசஸர்களைச் சாக்கெட் மாற்றியபோது, ஹீட் சிங்கின் திருகுகளை எதிரெதிர் மூலைகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, மேலே இழுக்காமல் இடம் வலமாக லேசாகத் திருகியதும் அது விடுபட்டது. பிராசஸருக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே சூட்டைக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட் சுவரின் காரையைப் போலவே வெளுத்து உலர்ந்திருந்தது. சாக்கெட்டின் இரண்டு நெம்புகோல்களில் எதை முதலில் திறக்க வேண்டும் என்பது அதிலேயே குறித்திருக்கும்; மூடுவது நேர் எதிர் வரிசை. இப்போது, காலியாக இருந்த இரண்டாம் சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியை எடுத்தபின், கைப்பேசி விளக்கைத் தாழ்வாகச் சாய்த்துப் பிடித்தேன். பின்கள் எல்லாம் நாற்றங்கால் போல ஒரே வரிசையாக மின்னின. எங்காவது ஒரு பின் வளைந்திருந்தால் அந்த இடத்தில் ஒளி வரிசை உடையும்; விளக்கை நேர்மேலே பிடித்தால் அது தெரியாது. மூலையின் முக்கோணக் குறிகளைப் பொருத்தி, புதிய பிராசஸரை அழுத்தாமல் அதன் எடையிலேயே உட்காரவிட்டு மூடினேன். ஐசோபிரைல் ஆல்கஹாலால் துடைத்த பிராசஸரின் உலோக மூடியின் நடுவில் பட்டாணியைவிடச் சற்றுப் பெரிய அளவு பேஸ்ட் வைத்து, திருகுகளை மீண்டும் மூலை மாற்றி மாற்றி இறுக்கினேன்.

மாலைக்குள் இயந்திரம் எழுந்தது. இரவு முழுவதும் நினைவகச் சோதனை ஓடியது. முழுச் சுமையில் இரண்டு பிராசஸர்களின் வெப்பநிலையும் மூன்று டிகிரிக்குள் ஒத்திருந்தது. ஒன்று மட்டும் அதிகமாக ஏறியிருந்தால் பேஸ்டையோ திருகையோ மீண்டும் பார்த்திருப்பேன். எட்டு மாதங்களாகப் பதிவேட்டில் அந்த வரி வரவில்லை. ஓர் இயந்திரத்தின் அனுபவம் இது என்பதை வாசிப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

மூன்றாம் வழியான புதுப்பிக்கப்பட்ட சர்வரை நான் தள்ளிவிடவில்லை. 2017-இல் வந்த இன்டெல் ஜியான் ஸ்கேலபிள் வகையில் எல்ஜிஏ 3647 சாக்கெட் வருகிறது. அதில் பிராசஸரை ஒரு சட்டத்தின் மூலம் ஹீட் சிங்கோடு பிணைத்து, இரண்டையும் ஒன்றாகவே இறக்க வேண்டும். அதே ஆண்டில் வந்த ஏஎம்டி எபிக் வகையின் எஸ்பி3 சாக்கெட்டில் 4094 பின்கள். பிராசஸர் ஒரு சட்டத்தில் சறுக்கி இறங்கும், மூன்று திருகுகளை 1, 2, 3 என்ற வரிசையில் இறுக்கி, எதிர்வரிசையில் தளர்த்த வேண்டும். கை நடுக்கத்துக்கு இவை கூடுதல் காப்பு தருகின்றன என்று தோன்றுகிறது. ஆனால் என் கையால் இவற்றை மாற்றியதில்லை. இன்னும் இரண்டு ஆண்டுகளில் எங்கள் பழைய சர்வரை ஓய்வு கொடுத்து அனுப்பும்போது இந்த வகையில் ஒன்றைத்தான் வாங்குவோம்.

அதுவரை, ஒற்றைப் பிராசஸர் நாட்களில் பயன்பட்ட அந்தப் பிளாஸ்டிக் சாக்கெட் மூடியை, மாற்றிய தேதியும் பிராசஸரின் குறியீடும் எழுதிய சீட்டோடு சேர்த்து ஓர் உறையில் போட்டு, ரேக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம். சர்வரோடு வந்த மூடிகளை முதல் நாளே யாரோ குப்பையில் போட்டுவிட்டதால், இதைச் சென்னையிலிருந்து கேட்டு வாங்க வேண்டியிருந்தது.