மாதக் கடைசிப் பன்னிரண்டு நாள்கள்: அம்மா உணவகமா, வீட்டுச் சமையலா, கடைக் கணக்கா?

சென்னையில் கடைகளிலும் சிறு நிறுவனங்களிலும் வேலை செய்பவர்களுக்கு மாதம் 30ஆம் தேதியோடு முடிந்துவிடுவதில்லை. ஆயிரம் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடங்களில் மாதம் முடிந்து ஏழு நாள்களுக்குள் ஊதியம் கொடுத்துவிட வேண்டும் என்று 1936ஆம் ஆண்டின் சட்டம் வகுத்தது. பல முதலாளிகள் அந்த ஏழாம் நாளையே சம்பள நாளாக வைத்துக்கொண்டார்கள். வாடகை மட்டும் 7ஆம் தேதிவரை காத்திருப்பதில்லை. ஆகவே 25ஆம் தேதி முதல் அடுத்த மாதம் 6ஆம் தேதி வரையிலான பன்னிரண்டு நாள்களைக் கையில் மிஞ்சிய 500 ரூபாயோடு, அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 ரூபாயோடு, ஓர் ஆள் எப்படிச் சாப்பிட்டுக் கடப்பது என்பதே இங்கு நான் எடுத்துக்கொள்ளும் கேள்வி. திருவல்லிக்கேணியில் தனியாள்கள் தங்கும் மேன்ஷன் ஒன்றில் அடுப்பு பற்றவைக்க அனுமதியில்லாத அறையில் மூன்று ஆண்டுகளும், அதன்பின் சிறு சமையலறையோடு கூடிய ஒண்டுக் குடித்தனத்தில் பல ஆண்டுகளும் இருந்தவன் என்பதால், இரண்டு பக்கத்தையும் பட்டறிந்தே எழுதுகிறேன்.

முதலில் அம்மா உணவகம். 2013 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி தொடங்கிய இந்த உணவகங்களில் மகளிர் சுய உதவிக் குழுவினர் சமைக்கிறார்கள். இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய், இரவில் பருப்போடு இரண்டு சப்பாத்தி 3 ரூபாய். காலையில் ஐந்து இட்லி, மதியம் ஒரு சாம்பார் சாதமும் ஒரு தயிர் சாதமும், இரவு நான்கு சப்பாத்தி என்று சாப்பிட்டால் நாள் முழுவதற்கும் 19 ரூபாய்தான் ஆகிறது. பன்னிரண்டு நாளைக்கு 228 ரூபாய். இந்த நகரத்தில் காசு கொடுத்து உண்ணும் வேறு எந்த உணவும் இந்தக் கணக்கின் அருகில்கூட வராது. டோக்கன் வாங்கிக்கொண்டு எவர்சில்வர் தட்டோடு வரிசையில் நகரும்போது, ஈரத்துணியிலிருந்து அப்போதுதான் பிரித்த இட்லியைத் தட்டில் வைத்து, கேட்காமலே இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றி, "சாப்பிடுப்பா, பத்தலைன்னா வா" என்று சொன்ன அக்காவை நான் மறக்கவில்லை. கையில் காசில்லாத நாளில் ஒருவர் முகம் கோணாமல் பரிமாறுவது சோற்றின் அளவுக்கே முக்கியமானது.

ஆனால் குறைகளும் உண்டு. மதியச் சாப்பாடு மூன்று மணியோடும், இரவுச் சாப்பாடு ஒன்பது மணியோடும் முடிந்துவிடும் என்பதால், பத்து மணிக்குக் கடையடைத்துவிட்டு வரும் ஜவுளிக் கடைப் பையனுக்கு இரவுச் சப்பாத்தி கிடைக்காது. உணவகம் நடந்து போகும் தொலைவில் இல்லாவிட்டால், போக வரப் பேருந்துக்குக் குறைந்தது 10 ரூபாய் ஆகிவிடும். 8 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு அது கட்டுப்படியாகாது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், இந்தக் கணக்கு பெண்களுக்கு மட்டும் மாறுகிறது. இன்னொரு குறை, தட்டில் அரிசியும் கோதுமையும் நிறைந்திருக்க, பருப்பு குறைவாக இருப்பது. இதற்கு நான் கண்ட தீர்வு வறுத்த வேர்க்கடலை. 50 கிராம் கடலையில் சுமார் 12 கிராம் புரதம் இருக்கிறது, 10 ரூபாய்க்குள் கிடைக்கும், அடுப்பும் தேவையில்லை. அதையும் சேர்த்தால் நாளுக்கு 29 ரூபாய்.

அடுத்தது வீட்டுச் சமையல். "வீட்டில் சமைத்தால் மலிவு" என்று பெரியவர்கள் சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் கணக்குப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் தரப்படுகின்றன. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 350 கிராம் அரிசி, 75 கிராம் பருப்பு என்று வைத்துக்கொண்டால், பருப்பும் எண்ணெயும் மூன்று ரூபாயைத் தாண்டாது. எரிவாயு என் கணக்கில் சுமார் 10 ரூபாய். வெங்காயம், தக்காளி, புளி, ஒரு கட்டுக் கீரை என 15 ரூபாய். ஒரு முட்டை 7 ரூபாய். ஆக 35 ரூபாய். அட்டைக்குக் கிடைக்கும் அந்த ஒரு கிலோ பருப்பு, ஓர் ஆளுக்குப் பன்னிரண்டு நாளும் வந்து ஒரு பிடி மிஞ்சும். அம்மா உணவகத்தைவிட ஆறு ரூபாய் கூடுதல் என்றாலும், வயிற்றில் நிற்பது இதுதான். பருப்பும் முட்டையும் சேர்வதால் மதியம் சாப்பிட்டவருக்கு மாலை ஐந்து மணிக்குக் கை நடுங்காது.

ஆனால் அட்டை யாரிடம் இருக்கிறது? தனியாகச் சென்னைக்கு வந்தவருடைய பெயர் பெரும்பாலும் ஊரில் உள்ள குடும்ப அட்டையில்தான் இருக்கும். அந்தப் பொருளை அங்கே வீட்டார் வாங்கிவிடுவார்கள். அப்போது இங்கே கடையரிசி கிலோ 55, 60 ரூபாய்க்கும், பருப்பு அதைப்போல இரு மடங்குக்கும் வாங்க வேண்டியிருக்கும். அதே சாப்பாட்டின் செலவு 60 ரூபாயைத் தாண்டிவிடும். நம் 40 ரூபாய் அளவுகோலில் அது தேறாது. ஆகவே அடுப்பு மட்டும் இருந்து அட்டை இல்லாதவருக்கு வீட்டுச் சமையல் மலிவல்ல என்பதே என் முடிவு. ஊருக்குப் போய் வரும்போது அம்மா கட்டிக் கொடுக்கும் ஐந்து கிலோ அரிசியைச் செலவழிக்காமல் 25ஆம் தேதிவரை வைத்திருப்பவருக்கு மட்டும் இது பொருந்தாது.

அடுப்புள்ளவர்களுக்கு இன்னொரு பெரிய இலாபம் பழைய சோறு. இரவு வடித்த சோறு நன்றாக ஆறியபின், சோறு மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால், காலையில் மேலே சிறு குமிழ்கள் கட்டி இலேசான புளிப்பு வாசனை வந்திருக்கும். கல்லுப்புப் போட்டுக் கையால் பிசைந்து, கொஞ்சம் மோர் விட்டு, இரண்டு சின்ன வெங்காயமும் ஒரு மோர் மிளகாயும் வைத்துக்கொண்டால் காலையில் அடுப்பே பற்றவைக்க வேண்டாம். சூடான சோற்றில் தண்ணீர் ஊற்றினால் குழகுழத்துக் கெட்டுப்போகும் என்பதையும், கோடையில் அதை மதியம்வரை வைத்திருக்கக் கூடாது என்பதையும் புதிதாகச் செய்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும். ரேஷன் புழுங்கலரிசியில் வாசனை வருகிறது என்பவர்கள், நான்கு முறை கழுவி அரை மணி நேரம் ஊறவைத்துத் தண்ணீரை மாற்றி, உலையில் போட்டு வடித்துப் பார்க்கட்டும்.

நூடுல்ஸ் பாக்கெட் மலிவு என்பது தோற்றம் மட்டுமே. 70 கிராம் பாக்கெட் 15 ரூபாய் அளவில் விற்கிறது. வேலை செய்யும் ஆளுக்கு இரண்டாவது வேண்டும். அந்த 30 ரூபாய்க்கு ஆறு சாம்பார் சாதம் வாங்கலாம், அல்லது நான்கு முட்டை வாங்கலாம். மைதாவும் உப்பும் மிகுந்த அதை இரவு நேர அவசரத்துக்கு ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு நாள் திட்டத்தில் அதற்கு இடமில்லை. மெஸ் சாப்பாடும் ஒரு வேளைக்கே 80 ரூபாய்க்கு மேல் கேட்பதால் இந்த ஒப்பீட்டில் நிற்கவில்லை.

கடன் வாங்கிச் சாப்பிடுவதிலும் இரண்டு வகை உண்டு, அவை ஒன்றல்ல. தெருமுனை அண்ணாச்சி கடையில் நோட்டில் எழுதிவைக்கும் கணக்குக்கு வட்டி கிடையாது. ஆனால் அடுத்த சம்பளம் வரும்போதே 600, 700 ரூபாய் குறைந்து வருவதால், அடுத்த மாதத் தட்டுப்பாடு 25ஆம் தேதிக்குப் பதிலாக 22ஆம் தேதியே தொடங்கிவிடும். முட்டை, பருப்பு, எண்ணெய் ஆகிய மூன்றுக்கு மட்டும் கணக்கு வைத்துக்கொள்வது என்று நான் ஒரு வரம்பு வைத்திருந்தேன். பிஸ்கட்டும் குளிர்பானமும் நோட்டில் ஏறியதில்லை. கைபேசிக் கடன் செயலி அப்படியல்ல. 2,000 ரூபாய்க் கடனில் 200 ரூபாயைக் கட்டணமாகப் பிடித்துக்கொண்டு ஒரு வாரத்தில் திருப்பிக் கேட்டால், ஆண்டுக்கணக்கில் அது 500 சதவீதத்துக்கும் மேற்பட்ட வட்டி. ஆண்டு வட்டி விகிதத்தைக் கடன் வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதித்திருக்கிறது. அந்த எண்ணைப் பார்க்காமல் சோற்றுக்காக யாரும் விரலை வைத்துவிடக் கூடாது என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

கையில் எதுவுமே இல்லாத நாளும் வரும். அறநிலையத்துறைக் கோயில்களில் 2002இல் தொடங்கிய அன்னதானத் திட்டத்தில் மதியம் இலை போடுகிறார்கள்; யார், எந்த ஊர் என்று அங்கே விசாரிப்பதில்லை. வடலூரில் 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிற நாட்டில், பந்தியில் உட்காருவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வேலைநாளில் வரிசையில் நிற்க நேரம் கிடைக்காது என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நான் இதை ஒதுக்கியிருந்தேன்.

இவற்றில் எது என்று கேட்டால், அடுப்பும் அட்டையும் உள்ளவருக்கு வீட்டுச் சமையலையும், இரண்டும் இல்லாதவருக்கு அம்மா உணவகத்தோடு வேர்க்கடலையையும் தயங்காமல் சொல்வேன். அடுப்பு இருந்து அட்டை இல்லாதவர் காலையும் மதியமும் உணவகத்தில் முடித்துக்கொண்டு, இரவுக்கு மட்டும் ஒரு பிடி அரிசியும் ஒரு முட்டையும் வேகவைத்தால் 40 ரூபாய்க்குள் அடங்கும். இரவுப் பணிக் காவலாளிக்கும் நள்ளிரவுவரை வண்டியோட்டுபவருக்கும் மட்டும் இந்தப் பட்டியலில் நல்ல விடை இல்லை. அவர்கள் மாலையில் வேலைக்குக் கிளம்பும்போதே, உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கடலையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவதைத்தான் பார்த்திருக்கிறேன்.